பிஎஸ்5-ஆ, பிசி-யா?

கேள்வி: வீட்டில் பிஎஸ்4 (சோனியின் பிளேஸ்டேஷன் 4 கேம் கன்சோல்) இருக்கிறது. மகன் பிஎஸ்5 கேட்கிறான். அவன் நண்பர்களோ, "இனி கன்சோல் எதற்கு, பிசி போதும்" என்கிறார்கள். எதை வாங்குவது?

பதில்: நண்பர்கள் சொல்வதில் பெரும்பகுதி சரிதான். 2006-ல் வந்த பிஎஸ்3-க்குள் இருந்த 'செல்' பிராசஸர் வீட்டு பிசி எதிலும் கிடையாது. அதற்கென எழுதிய கேமை பிசிக்குக் கொண்டுவருவது பெரும்பாடு. 2013-ல் பிஎஸ்4-க்குள் பெரும்பாலான பிசிக்களில் இருக்கும் அதே எக்ஸ்86 என்ற வகையில் ஏஎம்டி சிப் வந்தது. அந்தச் சுவர் அன்றே விழுந்துவிட்டது. 'ஹொரைசன் ஜீரோ டான்' 2017-ல் பிஎஸ்4-ல் வந்து, பிசியைத் தொட 2020 ஆனது. 2024-ல் 'ஹெல்டைவர்ஸ் 2' பிஎஸ்5, பிசி இரண்டிலும் ஒரே நாளில் வந்தது. எக்ஸ்பாக்ஸ் கன்சோல் விற்கும் போட்டியாளர் மைக்ரோசாஃப்டின் 'ஃபோர்ஸா ஹொரைசன் 5' 2025-ல் பிஎஸ்5-க்கே வந்துவிட்டது. நின்டெண்டோ மட்டும்தான் இன்னும் தன் கேம்களைப் பிசிக்கு விடுவதில்லை.

காசு கொடுத்து வாங்கிய கேமை பிஎஸ்5-ல் ஆன்லைனில் ஆட, பெரும்பாலும் பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாவும் கட்ட வேண்டும். பிசியில் அந்தச் செலவு இல்லை.

ஆனாலும் பிஎஸ்5 விலைக்கு அதே வலுவுள்ள புது பிசி அமைவது கடினம். கேம் ஆட மட்டும் என்றால், நல்ல டிவியும் இருந்தால், பிஎஸ்5 வாங்குங்கள். படிப்புக்கும் கம்ப்யூட்டர் தேவை என்றால் பிசிதான். ரேம் 16 ஜிபி, இரண்டு 8 ஜிபி குச்சிகளாக. ஒற்றைக் குச்சி போட்டால் வேகம் குறையும். ஸ்டோரேஜுக்கு 1 டிபி என்விஎம்இ (வேகமான வகை) எஸ்எஸ்டி. கிராஃபிக்ஸ் கார்டில் முடிந்தால் 12 ஜிபி மெமரி. பிஎஸ்5-ன் 16 ஜிபி பொது மெமரியை மனத்தில் வைத்து எழுதும் கேம்கள், 8 ஜிபி கார்டில் டெக்ஸ்ச்சர் (பரப்புகளின் படத் தரம்) உயர்வாக வைத்தால் மூச்சுத் திணறும்.

கேள்வி: புது பிசியில் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்) 90 காட்டுகிறது. ஆனால் கேமில் புது இடத்துக்குள் நுழைந்தாலே திக்கித் திக்கி ஓடுகிறது. கார்டு பழுதா?

பதில்: பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. கன்சோலில் ஒரே சிப் என்பதால் ஷேடர்களை (ஒளி, நிறத்தை வரையும் சிறு புரோகிராம்கள்) முன்பே தயாரித்து கேமோடு அனுப்பிவிடுகிறார்கள். பிசியில் கார்டுக்குக் கார்டு மாறுவதால், உங்கள் மெஷினே அவற்றைத் தயாரிக்க வேண்டும். ஆட்டத்தின் நடுவே, புது இடத்தில் தயாரிக்கும்போதுதான் திக்குகிறது. ஷேடர்கள் முன்பே தயாராக வருவது, கன்சோலுக்கு இன்றும் மிச்சமிருக்கும் ஒரு உண்மையான பலம். மெனுவில் ஷேடர் தயாரிப்பு ஓடினால் முடியும்வரை ஆட்டத்தைத் தொடங்காதீர்கள். டிரைவர் அப்டேட் செய்தபின் அது மறுபடி ஓடும், பதற வேண்டாம். என்விடியா கார்டு என்றால் கன்ட்ரோல் பேனலில் ஷேடர் கேஷ் (தயாரித்தவற்றைச் சேமிக்கும் இடம்) அளவை 10 ஜிபி ஆக்குங்கள்.

ஏற்கெனவே போன இடத்திலும் திக்கினால் டாஸ்க் மேனேஜரில் ரேம் வேகத்தைப் பாருங்கள். 6000 என்று விற்ற ரேம் 4800 காட்டினால், பயாஸில் (பிசி தொடங்கும்போது வரும் அடிப்படை அமைப்பு) எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி எனும், ரேமை விற்ற வேகத்தில் ஓட வைக்கும் அமைப்பு ஆன் செய்யப்படவில்லை.

கேள்வி: பிஎஸ்4 டிஸ்க்குகள் பிஎஸ்5-ல் ஓடுமா?

பதில்: டிஸ்க் டிரைவ் உள்ள மாடலில் ஏறக்குறைய எல்லாமே ஓடும், பிஎஸ்3 டிஸ்க் ஓடாது. ஸ்லிம் டிஜிட்டல் மாடலில் டிரைவைத் தனியே வாங்கி மாட்டலாம், முதல்முறை மாட்டும்போது இன்டர்நெட் அவசியம். 2020-ன் பழைய டிஜிட்டல் மாடலில் மாட்டவே முடியாது. செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது இதைப் பார்த்து வாங்குங்கள்.