மருந்தடித்த காடு

அன்புள்ள ஐயா,

திருமணமாகி நான்கு வருடம், குழந்தை இல்லை. டெஸ்ட் எடுத்ததில் எனக்கு விந்தணு ஒரு மில்லிலிட்டருக்கு 60 லட்சம்தான் என்றார்கள். கர்ப்பிணியின் உடலில் சேரும் நஞ்சு மகனின் விந்தணுவைக் குறைக்கும் என்று எங்கோ படித்ததை வீட்டில் சொல்லித் தொலைத்தேன். என்னைச் சுமந்தபோது மருந்தடித்த பருத்திக் காட்டில்தான் அம்மா களையெடுத்தாராம். அன்றிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. இப்போது அந்தக் காட்டுக்கு நான்தான் மருந்தடிக்கிறேன். அந்தச் செய்தி உண்மையா?

செ.

அன்புள்ள செ.,

செய்தி உண்மைதான். ஆனால் அதை வைத்து உங்கள் அம்மாவைக் கைகாட்ட முடியாது.

விந்தணுக்களுக்குத் தீனி போட்டு வளர்ப்பவை விரையில் இருக்கும் செர்ட்டோலி செல்கள். இவை கருவிலும் கைக்குழந்தைப் பருவத்திலும் பெருகி, பருவ வயதோடு நின்றுவிடும். ஒரு செல்லால் இவ்வளவு விந்தணுவைத்தான் வளர்க்க முடியும் என்று கணக்கு உண்டு. நாற்றங்காலில் நாற்று குறைந்தால் அப்புறம் எவ்வளவு உரம் போட்டும் வயல் நிரம்பாது இல்லையா, அதுபோல.

அந்தப் பருவத்தில் படும் நஞ்சு பின்னாளில் விந்தணுவைக் குறைக்கும் என்பதற்கு மனிதர்களிடம் கிடைத்த நல்ல சான்று இத்தாலியில் இருக்கிறது. 1976 ஜூலை 10 அன்று மிலானுக்கு வடக்கே ஒரு ரசாயன ஆலையிலிருந்து டையாக்சின் என்ற நஞ்சு கலந்த புகை வெளியேறி செவெசோ என்ற ஊரின் மேல் படிந்தது. பாவ்லோ மொகாரெல்லி என்ற மருத்துவர் ஊர்மக்களின் ரத்த மாதிரிகளை உறையவைத்துக் காப்பாற்றினார். அத்தனை நுண்ணிய அளவை ரத்தத்தில் அளக்க அன்று வழியில்லை. வழி வந்தபோது மாதிரிகள் கையில் இருந்தன. எனக்கு இந்த முன்யோசனைதான் பெரிய வியப்பு.

டையாக்சின் உடல் கொழுப்பில் பல ஆண்டுகள் தங்கும். விபத்துக்குப் பிறகு, 1977 முதல் 1984 வரை, அந்த நஞ்சு பட்ட தாய்மார்களுக்குப் பிறந்த மகன்களை மொகாரெல்லி குழு வளர்ந்தபின் பரிசோதித்து 2011இல் முடிவை வெளியிட்டது. அவர்களில் தாய்ப்பால் குடித்தவர்களுக்குச் சராசரியாக மில்லிலிட்டருக்குச் சுமார் 3.6 கோடி விந்தணு. பாதிக்கப்படாத தாய்மார்களிடம் பால் குடித்து வளர்ந்தவர்களுக்கு 8.6 கோடி. புட்டிப்பாலில் வளர்ந்தவர்களிடமோ குறைவு எதுவும் தெரியவில்லை. அதாவது, கருவில் பட்டது மட்டும் அங்கே போதவில்லை. (இதைப் படித்துவிட்டு யாரும் தாய்ப்பாலை நிறுத்திவிட வேண்டாம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே என்பதுதான் இன்றும் உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.)

இன்னொன்றும் கவனியுங்கள். அந்த 3.6 கோடியும் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கீழ் எல்லையான 1.6 கோடிக்கு மேல்தான். உங்களுடைய 60 லட்சத்துக்கு வேறு காரணமும் தேட வேண்டும். அம்மா வேலை பார்த்த காட்டில் அடித்தது என்ன மருந்து, எவ்வளவு உடலில் ஏறியது என்பதை இனி யாராலும் அளக்க முடியாது. ஆய்வுகள் கூட்டத்தைப் பற்றிப் பேசுபவை. ஒரு தாயையும் ஒரு மகனையும் நிறுத்தித் தீர்ப்புச் சொல்ல அவற்றுக்கு வகையில்லை. இதை அம்மாவிடம் நீங்களே சொல்லுங்கள், சொன்ன வாய்தானே.

கடிதத்தில் போகிறபோக்கில் எழுதிய கடைசி வரிதான் என்னை உறுத்துகிறது. மருந்தடிப்பது நீங்கள்! 1977இல் கலிபோர்னியாவில் டிபிசிபி என்ற நூற்புழுக்கொல்லியைத் தயாரித்த ஆலையில், தங்களுக்குக் குழந்தை பிறப்பதில்லை என்பதைத் தொழிலாளர்களே ஒருவருக்கொருவர் பேசிக் கண்டுபிடித்தார்கள். வளர்ந்த ஆண்கள். பலருக்கு விந்தணு மிகவும் குறைந்திருந்தது, சிலருக்கு அறவே இல்லை. வேலையிலிருந்து விலகியபின் சிலருக்கு மீண்டது.

எனவே மருத்துவரிடம் மருந்தடிக்கும் விஷயத்தைச் சொல்லுங்கள். வெரிகோசீல் (விரைப்பையில் ரத்தநாளங்கள் புடைத்திருப்பது) இருக்கிறதா, சின்ன வயதில் விரை இறங்காமல் இருந்ததா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். மூன்று மாதம் டேங்க்கைத் தொடாமல் இருந்துவிட்டு இன்னொரு முறை டெஸ்ட் எடுங்கள். தொட்டே ஆக வேண்டுமென்றால் கையுறை, முகமூடி, முழுக்கைச் சட்டை. நனைந்த உடுப்பைக் காட்டிலேயே மாற்றிவிட்டு, தனியாக நீங்களே அலசுங்கள். மனைவி துவைக்க வேண்டாம்.