தோட்டம் கேள்வி–பதில்: தண்ணீர்த் தடையும் புல்தரையும்

வீட்டுக்கு முன்னால் 600 சதுர அடிக்குப் பெர்முடா புல் போட்டிருக்கிறோம். காவிரித் தண்ணீரைத் தோட்டத்துக்கு விட்டால் அபராதம் என்கிறார்கள். தரை முழுக்கப் பழுப்பாகிவிட்டது. பிடுங்கிப் போட்டுவிடலாமா?
– வாசகி, பெங்களூரு

அபராதம் உண்மைதான். குடிநீரைத் தோட்டத்துக்கோ வண்டி கழுவவோ செலவழித்தால் 5,000 ரூபாய் என்று பெங்களூரு குடிநீர் வாரியம் 2024 மார்ச்சில் உத்தரவு போட்டது. மறுபடி மாட்டினால் நாளுக்கு 500 ரூபாய் கூடுதல். 2025 பிப்ரவரியிலும் இதே தடை வந்தது. எனவே ஹோஸைச் சுருட்டி வையுங்கள், புல்லைப் பிடுங்காதீர்கள்.

பெர்முடா என்பது நம் அருகம்புல்தான். வறட்சி வந்தால் இலையைக் காயவிட்டு, தரையில் ஓடும் தண்டிலும் மண்ணுக்குள் இருக்கும் தண்டிலும் உயிரைப் பிடித்து வைத்திருக்கும். ஒரு கொத்தைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். சுலபமாகக் கையோடு வந்தால் அந்த இடம் போய்விட்டது. வர மறுத்தால் ஒரு கணுவை நகத்தால் கீறுங்கள். உள்ளே வெளுப்பாக, ஈரப்பசையோடு இருந்தால் மழைக்குத் துளிர்க்கும்.

அந்தக் கணுக்கள் சாகாமல் இருக்க, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை 12 மி.மீ. தண்ணீர் போதும். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. என்றால் 1 லிட்டர். உங்கள் தரை ஏறக்குறைய 56 சதுர மீட்டர். ஒரு தடவைக்கு 670 லிட்டர். பச்சையாகவே வைத்திருக்க நினைத்தால் கோடையில் வாரத்துக்கு 25 மி.மீ., அதாவது 1,400 லிட்டர் ஆகும். தடையே இல்லாவிட்டாலும் பக்கத்துத் தெரு டேங்கருக்குக் காத்திருக்கும்போது குடிநீரை அப்படி ஊற்றுவது அழகல்ல. சுத்திகரித்த கழிவுநீர் கிடைத்தால் அதில் இந்த 670 லிட்டரைச் சமாளியுங்கள்.

பலர் செய்யும் தப்பு, தினமும் ஒரு வாளி தெளிப்பது. மேல் அரை அங்குலம் நனைந்து, பத்து மணிக்குள் ஆவியாகிவிடும். அந்த ஈரத்தை நம்பி புல் துளிர்விடும், துளிர் காயும், சேமித்து வைத்த சத்து வீணாகும். நாலைந்து முறை இப்படி ஏமாந்த பிறகுதான் புல் நிஜமாகவே சாகிறது.

காய்ந்து இறுகிய மண் முதல் தண்ணீரை வாங்காது, வழிந்து ரோட்டுக்கு ஓடும். அரை அடிக்கு ஒன்றாக, நாலு அங்குல ஆழத்துக்குக் கம்பியால் குத்திவிடுங்கள். அதிகாலையில் பத்து நிமிடம் விட்டு, அரை மணி நேரம் நிறுத்தி, மறுபடி விடுங்கள். தரையில் நாலைந்து தட்டை டப்பாக்களை வைத்து ஸ்கேலால் அளந்தால் 12 மி.மீ. எப்போது ஆனது என்று தெரிந்துவிடும். மழை வரும்வரை யூரியா கூடாது; வெட்டவும் வேண்டாம்.

அபார்ட்மெண்ட் எஸ்.டி.பி. (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலைய) தண்ணீரைப் புல்லுக்கு விடுகிறார்கள். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறது. குழந்தைகள் விளையாடலாமா?
– வாசகர், ஒசூர்

அந்த நாற்றம் இருக்கும்வரை கூடாது. காற்றூட்டும் தொட்டியில் ஆக்சிஜன் போதவில்லை, அல்லது சுத்திகரித்த தண்ணீர் நாள்கணக்கில் தேங்கியிருக்கிறது என்று அர்த்தம். மின்கட்டணத்தை மிச்சம் பிடிக்க, தொட்டிக்குள் காற்றை ஊதும் புளோயரை நிறுத்தி வைக்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் விடை அங்கேதான் இருக்கும். நாற்றம் போன பிறகும் ஸ்பிரிங்க்ளர் வேண்டாம், நுண்துளி மூச்சில் போகும். குழந்தைகள் வீட்டுக்குப் போன பின் இரவில் குழாயைத் தரையோடு வைத்துப் பாய்ச்சுங்கள். காலையில் தரை உலர்ந்த பின் விளையாடட்டும். இந்தத் தண்ணீரிலேயே தழைச்சத்தும் மணிச்சத்தும் இருப்பதால் உரத்தைக் குறைத்துவிடலாம்.

வாஷிங் மெஷின் தண்ணீர், ஆர்.ஓ. கழிவு இரண்டையும் விட்டோம். கரிசல் மண். இப்போது தண்ணீர் இறங்காமல் மேலேயே நிற்கிறது.
– வாசகி, கோவை

மண்ணில் சோடியம் ஏறிவிட்டது. சோப்புத்தூளில் சோடியம் அதிகம். அது களிமண் துகள்களைப் பிரித்துவிட, அவை மண்ணின் நுண்துளைகளை அடைத்துக்கொள்ளும். கரிசலில் இது சீக்கிரம் நடக்கும். இனி கடைசி அலசல் தண்ணீரை மட்டும், அன்றைக்கே, இடம் மாற்றி மாற்றி ஊற்றுங்கள். அடைத்த இடத்தில் மழைக்குச் சற்று முன் சதுர மீட்டருக்கு அரை கிலோ ஜிப்சம் தூவிக் கிளறுங்கள். ஜிப்சம் பிரித்துவிடும் சோடியத்தைக் கீழே இறக்க நல்ல தண்ணீர் வேண்டும் என்பதால் இப்போது போட்டுப் பயனில்லை.

ஆர்.ஓ. கழிவை, கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் பாருங்கள். 2,000க்கு மேல் காட்டினால் வீடு துடைக்கத்தான். 1,000 முதல் 2,000 என்றால் பாதிக்குப் பாதி நல்ல தண்ணீர் கலந்து விடலாம். இலை நுனி கருகினாலோ மண்மேல் வெள்ளையாகப் பூத்தாலோ நிறுத்திவிடுங்கள்.

இங்கே ஸ்பிரிங்க்ளர் எந்நேரமும் போடலாமா?
– வாசகர், மெல்பர்ன்

கூடாது. உங்கள் விக்டோரியா மாநிலத்தின் நிரந்தர விதிப்படி மாலை 6 முதல் காலை 10 வரைதான். கையில் பிடிக்கும் ஹோஸுக்கு நேரத் தடை இல்லை, ஆனால் அழுத்தினால் மட்டும் தண்ணீர் வரும் விசைப்பிடி நாசில் இருக்க வேண்டும்.

புல்தரை நடுவே இரண்டு வயது மாங்கன்று. இருக்கும் தண்ணீர் ஒன்றுக்குத்தான் காணும்.
– வாசகர், சேலம்

யோசிக்கவே வேண்டாம், கன்றுக்குத்தான். புல்லை மறுபடி பதிக்க ஒரு பருவம் போதும். கன்று போனால் இரண்டு வருடம் போச்சு. வாரம் ஒருமுறை 20 லிட்டர், அடித்தண்டில் அல்ல, இலைக்குடையின் விளிம்பில் வட்டப் பாத்தி கட்டி ஊற்றுங்கள். பாத்தியில் மூன்று அங்குலத்துக்குக் காய்ந்த சருகு பரப்புங்கள். தண்டை ஒட்டிக் குவித்தால் பட்டை அழுகும். ஒரு சாண் விட்டே போடுங்கள்.