சிறிய சபை, பெரிய பணம் இல்லை: அக்கம்பக்கத்தாருக்கு உருப்படியாக என்ன செய்யலாம்?

எங்கள் சபையின் உதவிக் குழுவில் சில வருடங்களாக இருக்கிறேன். நாங்கள் பண்ணிய தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதல் வருடம் மாதம் ஒருமுறை வீடு வீடாக மளிகைப் பை கொடுத்தோம். தனியாக இருக்கும் ஒரு பாட்டி மூன்று மாதமும் வாங்கி வைத்துக்கொண்டு நன்றி சொன்னார். நான்காம் மாதம் தயங்கித் தயங்கி, "தம்பி, உங்கள்ல யாருக்காவது பல்பு மாட்டத் தெரியுமா?" என்றார். கூடத்து பல்பு போய் நாலு மாதமாம். நாற்காலியில் ஏறப் பயம். ராத்திரி சுவரைப் பிடித்துக்கொண்டுதான் கழிப்பறைக்குப் போய் வந்திருக்கிறார். அதே கூடத்தில் நின்று மூன்று முறையும் பையை நீட்டி போட்டோ எடுத்திருக்கிறோம். ஃபிளாஷ் போட்டு!

அதனால் முதலில் போய்க் கேளுங்கள். நாங்கள் கேட்டபோது வந்தவை பெரும்பாலும் காசு கேட்காத வேலைகள்: விண்ணப்பம் நிரப்பித் தருவது, மருத்துவமனைக்குத் துணைக்குப் போய் வரிசையில் உட்காருவது. படுத்த படுக்கையாக இருக்கும் கணவரைப் பார்த்துக்கொள்ளும் ஓர் அம்மா, "ரெண்டு மணி நேரம் இவர் பக்கத்துல இருங்க, நான் தூங்கணும்" என்றார். இதையெல்லாம் எந்தக் கமிட்டியும் திட்டம் போட்டுக் கண்டுபிடித்திருக்காது.

அப்புறம், யார் செய்வது என்பதை முடிவு செய்துவிடுங்கள். வேதாகமத்தில் அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தில் ஆதி சபைக்கு வந்ததும் இந்தச் சிக்கல்தான். அன்றாட விசாரிப்பில், அதாவது தினசரி உணவுப் பங்கீட்டில், கிரேக்கம் பேசிய விதவைகள் விடுபட்டுப் போக, முறுமுறுப்பு கிளம்பியது. பந்தி விசாரிக்க என்றே ஏழு பேரை நியமித்தார்கள். எல்லா வேலையையும் போதகர் தலையில் கட்டினால் மூன்றாம் மாதம் நின்றுவிடும்.

பைக்குள் துண்டுப் பிரசுரம் வைக்கலாமா என்பதில் எங்கள் சபையிலேயே இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை. நான் வேண்டாம் என்கிற கட்சி. 1953-இல் லண்டனில் சாட் வரா என்ற ஆங்கிலிக்கன் குருவானவர், தற்கொலை எண்ணத்தோடு தவிப்பவர்களுக்காக ஆலயத்திலேயே ஒரு தொலைபேசி வைத்தார். நேரில் வந்தவர்கள் அவருக்காகக் காத்திருக்கையில் தன்னார்வலர்கள் பேச்சுத்துணைக்கு இருந்தார்கள். பலர் அவர்களிடம் பேசிய ஆறுதலோடு, குருவானவரைப் பார்க்காமலே கிளம்பிவிட்டார்கள். மறு வருடமே அவர் அந்தப் பொறுப்பைத் தன்னார்வலர்களிடம் விட்டார். தவிப்பவர்களின் பேச்சைக் கேட்கும் இன்றைய 'சமாரிட்டன்ஸ்' அமைப்பு அப்படி வளர்ந்ததுதான். அங்கே பிரசங்கம் கிடையாது, கேட்பது மட்டும்தான்.

எங்கள் பையில் இப்போது ஸ்க்ரூ டிரைவரும் டெஸ்டரும் இருக்கின்றன. போட்டோவை நிறுத்திவிட்டோம். அந்தப் பாட்டி இதுவரை ஆராதனைக்கு வந்ததில்லை. ஆனால் நாங்கள் போனால், பட்டப்பகலாக இருந்தாலும் சரி, ஒருமுறை ஸ்விட்சைப் போட்டுக் காட்டிவிட்டுத்தான் உட்காரச் சொல்வார்.