மீன் தொட்டிக்குப் பின்னால் பெயிண்ட்: கேள்வி பதில்

மீன் தொட்டியின் பின்கண்ணாடிக்கு நிறம் அடிப்பது பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்து நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. தொட்டி ஒட்டுவதுதான் என் தொழில். அந்த அளவில் பதில் சொல்கிறேன். முதலிலேயே ஒன்று: பெயிண்ட் வெளிப்பக்கம் மட்டும், அதுவும் தொட்டி காலியாக இருக்கும்போது மட்டும்.

கோபியிலிருந்து: அண்ணா, ரெண்டடி தொட்டி ஒண்ணு பழசா வாங்கியிருக்கேனுங்க. பின்னாடி கறுப்பு அடிக்கோணும். என்ன பெயிண்ட், எப்படி அடிக்கறதுங்க?

வெளிச்சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் வாங்குங்கள். தண்ணீர் தெறித்தாலும் தாங்கும். எனாமலும் பிடிக்கும், ஆனால் நாளைக்கு நிறம் மாற்ற நினைத்தால் சுரண்டி மாளாது. அக்ரிலிக் தொட்டி என்றால் எனாமல், தின்னர் இரண்டுமே கிட்டே வரக்கூடாது; மயிரிழை வெடிப்பு விழும்.

தொட்டியை முழுக்க வடித்துவிட்டு, முன்கண்ணாடி கீழே வரும்படி தெர்மாகோல் மேல் படுக்க வையுங்கள். 2 அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியில் நிறைத்தால் 56 லிட்டர் பிடிக்கும். கால்வாசி தண்ணீரோடு சாய்த்தாலே மூலை ஒட்டு விட்டுவிடலாம்.

போர் தண்ணீர் ஊற்றிய பழைய தொட்டி என்றால் பின்புறம் வெள்ளை வெள்ளையாக உப்புக்கறை இருக்கும். வினிகரோ எலுமிச்சையோ போட்டுத் தேய்த்து எடுங்கள். கழுவிக் காய்ந்ததும் ஸ்பிரிட்டால் ஒரு துடை. அதற்கப்புறம் கண்ணாடியில் கை வைக்காதீர்கள். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் பெயிண்ட் நிற்காது. கண்ணாடிகளை இணைக்கும் சிலிக்கான் பசை ஓரங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள்.

சின்ன ஃபோம் ரோலரில் கொஞ்சமாகத் தொட்டு மெல்லிசாக அடியுங்கள். முதல் கோட்டிங் திட்டுத் திட்டாகக் கண்ணாடி தெரியத்தான் செய்யும். அதைப் பார்த்துப் பயந்து ஈரத்தின் மேலேயே திரும்பத் திரும்ப உருட்டினால் அடித்த பெயிண்டும் சுருண்டு ரோலரோடு வந்துவிடும். காயவிட்டு, அடுத்ததைக் குறுக்கே அடியுங்கள். மூன்று நான்கு கோட்டிங்கில் மூடிவிடும். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைத் தொட்டிக்குள் வைத்து வெளியிலிருந்து பாருங்கள். ஊசி முனை அளவு ஓட்டைகூட வெளிச்சமாகத் தெரியும். அங்கே ஒரு தொடு. கடைசிக் கோட்டிங் முழுக்கக் காய்வதற்குள் டேப்பை உரித்துவிடுங்கள். தண்ணீர் ஊற்ற ஒரு வாரமாவது பொறுக்க வேண்டும்.

அவினாசியிலிருந்து: கடையில விக்கற கடல் படத்தை ஒட்டினாப் போதாதுங்களா?

நல்ல கேள்வி. படத்தை டேப் போட்டு ஒட்டினால் கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் காற்று நிற்கும். தண்ணீரிலிருந்து காற்றுக்குப் போகிற ஒளி ஏறக்குறைய 49 டிகிரிக்கு மேல் சாய்ந்துவிட்டால் வெளியே போகாது, முழுக்கத் திரும்பிவிடும். அதனால் நேர் முன்னால் நின்றால் படம் தெரியும். பக்கக் கண்ணாடி வழியாக எட்டிப் பாருங்கள், பின்பக்கம் வெறும் வெள்ளிக் கண்ணாடியாக மின்னும். உள்ளே இருக்கும் மீனுக்கும் அப்படித்தான். ஃபைட்டர் மீன் தன் நிழலையே பார்த்துச் செவுளை விரித்துக்கொண்டு நிற்பதற்கு இது ஒரு காரணம். பெயிண்ட் கண்ணாடியோடு ஒட்டியே இருப்பதால் நடுவில் காற்று இல்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் அதே நிறம்.

படம்தான் வேண்டும் என்றால் பின்னால் எண்ணெய் தடவி, காற்றில்லாமல் அட்டையால் நீவி ஒட்டுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நம் ஊர் மார்கழிக் குளிருக்கு உறைந்து படமெல்லாம் வெள்ளைத் திட்டாகிவிடும். விளக்கெண்ணெய் உறையாது.

பல்லடத்திலிருந்து: ஸ்பிரே அடிச்சா சீக்கிரம் முடியுமுங்களா?

முடியும். ஆனால் ஆடிக் காற்றில் பாதி பெயிண்ட் பக்கத்து வீட்டுக்குப் போகும், மீதியில் மண் ஒட்டும். வீட்டுக்குள் அடிக்கவே கூடாது. வேறு தொட்டி ஓடிக்கொண்டிருந்தால் ஏர் பம்ப் அந்த அறைக் காற்றைத்தான் உறிஞ்சித் தண்ணீருக்குள் விடுகிறது. பெயிண்ட் வாடையும் கூடவே இறங்கும்.

சத்தியமங்கலத்திலிருந்து: பொங்கலுக்கு அடிச்ச டிஸ்டெம்பர் மிச்சம் இருக்குதுங்க.

வேண்டாம். ஈரம் பட்டால் மாவாக உதிரும்.

திருப்பூரிலிருந்து: பனியன் பிரிண்டிங் பிளாஸ்டிசால் மை கறுப்புல கிடக்குது. அடிக்கலாமா?

அது 160 டிகிரி அளவுக்குச் சூடு காட்டினால்தான் காயும். தொட்டியை ஓவனில் வைக்க முடியாது.

காங்கேயத்திலிருந்து: தண்ணியும் மீனும் இருக்குது. சுவத்துக்கும் தொட்டிக்கும் நடுவில கை போகுது. அப்படியே அடிச்சுரட்டுமா?

கூடாது. நிரம்பிய தொட்டியின் பின்கண்ணாடி குளிர்ந்து வேர்த்திருந்தால் பெயிண்ட் பிடிக்காது. ஏர் பம்ப் விஷயம் மேலேயே சொன்னேன். கறுப்பு சன்போர்டு (கெட்டியான நுரை அட்டை) ஒன்றை அளவுக்கு வெட்டிப் பின்னால் சொருகுங்கள். அடுத்த முறை தொட்டியைக் காலி செய்யும்போது அடித்துக்கொள்ளலாம்.

உடுமலையிலிருந்து: கறுப்பு நல்லதா, நீலம் நல்லதா?

பெரும்பாலான மீன்களுக்குக் கறுப்பு. மீனின் தோலில் நிறமிச் செல்கள் இருக்கின்றன. பின்னணி இருட்டாக இருந்தால் அதற்குள் இருக்கும் நிறம் படரும், வெளுப்பாக இருந்தால் சுருங்கும். வெள்ளை பின்னணியில் மீன் வெளுத்துத் தெரிவது இதனால்தான். பாசியும் ஒயரும் கண்ணில் படாமல் போவது கூடுதல் லாபம்.

ஈரோட்டிலிருந்து: கறுப்பு கறுப்புன்னு சொல்றீங்க. என் பிஜன் பிளட் டிஸ்கஸ் மீன் மேல மிளகுத்தூள் தூவின மாதிரி புள்ளி வந்திருச்சுங்க.

உங்களுக்குக் கறுப்பு ஒத்துவராது. அந்த ரகத்தில் கறுப்பு நிறமி புள்ளி புள்ளியாக இருக்கும். இருட்டுப் பின்னணியில் அது படர்ந்து வெளியே தெரியும். இளநீலத்துக்கு மாற்றுங்கள்.

நாமக்கல்லிலிருந்து: ஈரோட்டுக்காரர் பேச்சைக் கேக்காதீங்க. கலரு தீனியில இருக்குது. பின்னாடி எதை அடிச்சா என்ன?

சிவப்பும் மஞ்சளும் பெரும்பாலும் தீனியிலிருந்து வருவது உண்மை. அந்த நிறம் தரும் கரோட்டினாய்டை மீனால் தானாக உண்டாக்க முடியாது, இறால், ஸ்பைருலினாப் பாசி போன்ற தீனியிலிருந்துதான் கிடைக்கிறது. ஆனால் இருக்கிற நிறத்தை விரிப்பதும் ஒடுக்குவதும் பின்னணி. இரண்டும் வேறு வேறு வேலை.

மறுபடி ஈரோடு: அப்படிக் கேளுங்க! நான் இறால் போட்டும் புள்ளி போகலை.

போகாது. அந்தப் புள்ளி கறுப்பு நிறமி, இறால் தருவது சிவப்பு. நாமக்கல்காரர் சொன்னதும் சரி, நீங்கள் பட்டதும் சரி. மீனைப் பார்த்து நிறத்தைத் தேர்ந்தெடுங்கள், அடுத்தவர் தொட்டியைப் பார்த்து அல்ல.

பொள்ளாச்சியிலிருந்து: கறுப்பு வீட்டுக்கு ஆகாதுங்கறாங்க அம்மா.

அம்மா மனம் நோக வேண்டாம். அடர் நீலமோ கரும்பச்சையோ அடியுங்கள், ஏறக்குறைய அதே பலன்.

கரூரிலிருந்து: கறுப்பா நீலமா அண்ணா?

உடுமலைக்குச் சொன்னதைப் படியுங்கள்.

தாராபுரத்திலிருந்து: உள்பக்கம் அடிச்சா இன்னும் பளிச்சுனு இருக்குமே?

முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டேன். உள்பக்கம் அடித்த பெயிண்ட் தண்ணீரில் ஊறி உரியும், மீன் அதைக் கொத்தும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

பெருந்துறையிலிருந்து: கோல்டு ஃபிஷ்ஷுக்குத் துடுப்பு அழுகுது, என்ன மருந்து?

இன்றைக்குப் பெயிண்ட் மட்டும். பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு, மீன் மருத்துவம் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

மேட்டுப்பாளையத்திலிருந்து: அடிச்ச எமல்ஷனை எடுக்கறது எப்படிங்க?

வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் மேலே போட்டு வையுங்கள். பிளேடைக் கண்ணாடியோடு படிய வைத்து ஒரு மூலையில் தூக்கினால் நாடா நாடாவாக உரிந்து வரும். சிலிக்கான் ஓரத்தில் மட்டும் பிளேடு வேண்டாம், நகத்தால் எடுங்கள். ஒட்டு அறுந்தால் தொட்டி ஒழுகும்.