தபாற்பெட்டியை நாள்தோறும் திறவுங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

வரும் செப்டெம்பரில் தஞ்சாவூரிலிருந்து மேற்படிப்புக்காக ஜெர்மனியின் சோஸ்ட் நகருக்கு வரப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். குளிருக்கு எப்படிப்பட்ட மேலங்கி வாங்குவது, அரிசி எங்கே கிடைக்கும், ஆங்கிலத்தை மட்டும் வைத்துச் சமாளிக்க முடியுமா, வந்தவுடன் எதில் கவனமாக இருக்க வேண்டும் என்று நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மேலங்கியை இங்கே வந்து வாங்குங்கள். அரிசியும் மரக்கறியும் பக்கத்து நகரமான ஹம்மில் உள்ள தமிழ்க் கடைகளில் கிடைக்கும். ரயிலில் சிறிது நேரப் பயணந்தான். அந்த ஊரில்தான் 2002இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் கோயிலும் இருக்கிறது. இவற்றைப் பற்றிச் சொல்வதற்குப் பலர் இருக்கிறார்கள். உங்கள் கடைசிக் கேள்விக்கே நான் விரிவாகப் பதில் எழுத விரும்புகிறேன், ஏனென்றால் என் முதல் ஆண்டில் அதை எனக்குச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

கவனமாக இருக்க வேண்டியது கடிதங்களில். இந்த நாடு இன்னமும் கடிதத்தில்தான் பேசுகிறது. நீங்கள் வீட்டுக்குக் குடிவந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட ஓர் உறுதிக் கடிதம் தேவை. பதிந்த நாளிலிருந்து அந்த முகவரிதான் அரசுக்கும் வங்கிக்கும் காப்புறுதிக்கும் நீங்கள். தபாற்பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டப்படாமல் இருந்தால் தபாற்காரர் கடிதத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவார், வங்கி அட்டையும் வராது, காப்புறுதி அட்டையும் வராது. ஆகவே பயணப்பெட்டியைத் திறந்து உடுப்புகளை அடுக்குவதற்கு முன்பு, ஒரு தாளில் பெயரைத் தெளிவாக எழுதித் தபாற்பெட்டியில் ஒட்டிவிடுங்கள். பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். தந்தை பெயரை முன்னும் பின்னும் மாற்றி எழுதியதால் நம்மவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

பதிந்த சில வாரங்களில் முதலில் வருவது பெரும்பாலும் பொது ஒலிபரப்புக் கட்டணத்துக்கான கடிதமாக இருக்கும். உங்களிடம் தொலைக்காட்சியே இல்லாவிட்டாலும் மாதம் 18.36 யூரோ கட்ட வேண்டும். ஆனால் அது வீட்டுக்கு ஒன்றுதான், மூன்று பேர் ஒரே வீட்டில் இருந்தால் பங்கிட்டுக் கொள்ளலாம். இதை ஏதோ விளம்பரம் என்று எண்ணிக் குப்பையில் போட்ட மாணவர்களை எனக்குத் தெரியும். கட்டணம் குடிவந்த மாதத்திலிருந்தே கணக்காகும், தாமதக் கட்டணமும் சேரும், இறுதியில் அறவிடுவதற்கு ஆள் வருவார்.

மஞ்சள் உறையில் வரும் கடிதம் எல்லாவற்றிலும் முக்கியமானது. தபாற்காரர் அந்த உறையின் மேல் தேதியைக் கையால் எழுதிப் பெட்டிக்குள் போடுவார். அந்த நாளே அது உங்கள் கையில் கிடைத்ததாகச் சட்டம் கொள்ளும், நீங்கள் ஊரில் இருந்தீர்களா, விடுமுறைக்குப் போயிருந்தீர்களா என்பது பொருட்டில்லை. யாரோ ஒருவர் உங்களிடமிருந்து தனக்குப் பணம் வரவேண்டும் என்று நீதிமன்றத்துக்கு எழுதினால், அந்தக் கோரிக்கை சரியா பிழையா என்று ஆராயாமலே நீதிமன்றம் உங்களுக்கு ஓர் அறிவித்தல் அனுப்பும். இரண்டு வாரத்துக்குள் மறுப்புத் தெரிவிக்காவிட்டால் இல்லாத கடனும் உங்கள் கடனாகிவிடக்கூடும். அரசு அலுவலகங்களின் முடிவுக் கடிதங்களில் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும், ஏனென்றால் எதிர்ப்பதற்கு எத்தனை நாள் என்பது அங்கேதான் இருக்கும், பெரும்பாலும் ஒரு மாதம். சாதாரண மின்னஞ்சலில் பதில் அனுப்பினால் அது செல்லாது. கையெழுத்திட்டுத் தபாலில் அனுப்ப வேண்டும். 'பிறிஸ்ட்' (Frist) என்ற டொச்சுச் சொல்லை, அதாவது ஜெர்மன் சொல்லை, இப்போதே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கெடு என்று பொருள். ஒரு கடிதத்தில் வேறெதுவும் விளங்காவிட்டாலும் அந்தச் சொல்லையும் அதன் பக்கத்திலுள்ள தேதியையும் தேடுங்கள்.

நான் 1985ஆம் ஆண்டு தை மாதம் வந்தவன். கொழும்பிலிருந்து கிழக்கு பெர்லினுக்குப் பறந்து, அங்கிருந்து நகர ரயிலில் மேற்குப் பக்கம் இறங்கி அகதியாகப் பதிந்த ஆயிரக்கணக்கான யாழ்ப்பாணத்து இளைஞர்களில் ஒருவன். இந்த மாகாணத்தின் வெஸ்ற்பாலியப் பகுதியில் ஒரு சிற்றூரில் ஆறு பேருக்கு ஓர் அறை தந்தார்கள். வேலை செய்ய அனுமதியில்லை. எங்களுக்கு ஒதுக்கிய மாவட்ட எல்லையை எழுத்து அனுமதியின்றித் தாண்டவும் கூடாது. அந்நாளில் எனக்கு இரண்டு வகைக் கடிதங்கள் வந்தன. ஒன்று, வீட்டிலிருந்து வாரக்கணக்கில் பயணப்பட்டு வரும் வெளிர்நீல வான்கடிதம்; அதைப் படிக்கட்டிலேயே நின்று பிரித்துவிடுவேன். மற்றது சாம்பல்நிறக் காகிதத்தில் தட்டெழுத்தில் வருவது. அதை மெத்தைக்கு அடியில் வைத்துவிடுவேன். விளங்காத மொழியில் என்னைத் திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்று எழுதியிருக்குமோ என்ற பயம்.

ஐயா இறந்த செய்தி நீலக் கடிதத்தில் வந்தது. செய்தி என் கைக்கு வரும்போது ஈமக்கிரியையான அந்தியேட்டியும் முடிந்துவிட்டிருந்தது. டோர்ட்முண்டில் இருந்த ஒன்றுவிட்ட அண்ணனிடம் போய் இரண்டு நாள் அழுதுவிட்டு வந்தேன். திரும்பும் வழியில் ரயிலில் பத்திரங்களைக் கேட்டார்கள். என்னிடம் எல்லை தாண்டும் அனுமதி இல்லை. சில வாரங்களில் அபராதக் கடிதம் வந்தது, அதுவும் மெத்தைக்கு அடியில் போனது. எங்கள் அறையில் கொஞ்சம் டொச்சு தெரிந்த ஒருவர், 'மூன்றுதரம் எழுதுவார்கள், பிறகு விட்டுவிடுவார்கள்' என்றார். அவர்கள் விடவில்லை. தொகை ஏறக்குறைய இரட்டித்த பிறகு, செலவுக்குத் தந்த சிறு காசிலிருந்து எட்டு மாதம் கட்டினேன். தந்தையின் மரணத்தைச் சொல்லி விளக்கம் எழுத எனக்கு ஒரு கெடு இருந்தது என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் கடிதத்தை நானே வாசித்தபோதுதான் அறிந்தேன். பணத்தைவிட அதுதான் இன்றும் வருத்துகிறது.

அக்காலத்தில் நம்மவர்களிலேயே சிலர் ஒரு கடிதத்தை வாசித்துச் சொல்ல, யூரோவுக்கு முந்திய ஜெர்மன் நாணயத்தில் இருபது மார்க் வாங்கினார்கள். அதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. இப்போது வரும் இளையவர்கள் கடிதத்தைப் படம் பிடித்து, மாணவர் குழுவில் போட்டு, முன்பின் தெரியாத ஒருவர் 'ஒன்றும் பயமில்லை' என்று எழுதினால் நிம்மதியாகத் தூங்கிவிடுகிறார்கள். கைப்பேசி மொழிபெயர்ப்பு நல்ல உதவிதான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் பதில் எழுத வேண்டியது நீங்கள், அதுவும் கெடுவுக்குள்.

எனக்கு வாசிக்கக் கற்றுத் தந்தவர், 1991இல் நான் சோஸ்டுக்குக் குடிவந்தபோது கீழ்வீட்டில் இருந்த ஒரு விதவை அம்மா. சிறுமியாக 1946இல், போருக்குப் பின் போலந்து வசமான சிலேசியாவிலிருந்து துரத்தப்பட்டு, தாயோடு ஒரு பெட்டியுடன் இந்த மாகாணத்துக்கு வந்தவர். அகதிக்குக் காகிதம் என்றால் என்ன என்று அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியிருக்கவில்லை. சனிக்கிழமைகளில் தேநீர் வைத்துக்கொண்டு என் வாரக் கடிதங்களைச் சமையலறை மேசையில் பரப்புவார். முதலில் தேதி, பிறகு கெடு, பிறகு யார் கையெழுத்து, கடைசியில்தான் விஷயம் என்று ஒழுங்கு வைத்திருந்தார். நவம்பரில் சகலபுனிதர் திருநாளை ஒட்டி ஐந்து நாள் பழைய நகரம் முழுவதும் இராட்டினங்களும் கடைகளுமாக நிறைந்திருக்கும்போதுகூட, வீதி இரைச்சலுக்கு யன்னலைச் சாத்திவிட்டு எனக்கு மறுப்புக் கடிதம் எழுதப் பழக்கினார். நான் சொந்தமாக எழுதிய முதல் கடிதத்தில் ஒரே ஒரு பிழைதான் திருத்தினார். மொழி வகுப்புக்கு ஒரு மார்க்கும் செலவழிக்காமல், அந்த மேசையில் படித்த டொச்சோடுதான் தொழிற்சாலையில் இருபத்தேழு ஆண்டுகள் வேலை செய்தேன், பிள்ளைகளின் பாடசாலைக் கூட்டங்களில் எழுந்து பேசினேன்.

அவர் எனக்கு வாங்கித் தந்த முதல் கோப்பு, இரண்டு வளையமும் அகன்ற முதுகும் கொண்ட 'ஓர்ட்னர்', இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் இப்போது பதினான்கு நிற்கின்றன. முதல் கோப்பில் அந்த அபராதக் கடிதமும் ஐயாவின் செய்தி வந்த நீலக் கடிதமும் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. நீங்களும் வந்த வாரத்திலேயே ஒரு கோப்பும் துளையிடும் கருவியும் வாங்குங்கள். விளங்காத கடிதம் வந்தால் எனக்கு எழுதுங்கள். சனிக்கிழமை எங்கள் வீட்டு மேசையில் வைத்துச் சேர்ந்து வாசிப்போம். வரும்போது உறையையும் எறிந்துவிடாமல் கொண்டுவாருங்கள், தேதி அதில்தான் இருக்கும்.