வைஃபை ஐபேடா, கேலக்ஸி டேபா: தேயிலைத் தோட்டத்தை அளக்க எது?

உங்க தேயிலைத் தோட்டத்தை நடந்து அளக்க வைஃபை ஐபேட் வாங்கலாமான்னு கேட்டிருந்தீங்க. வாங்காதீங்க. உங்க வேலைக்கு சாம்சங்கோட கேலக்ஸி டேப் எஸ்9 எஃப்ஈ தான் சரி. ஐபேடே வேணும்னா சிம் போடுற மாடலா பாருங்க.

நண்பரோட ஐபேடை எடுத்துட்டு தோட்டத்துல நடந்தப்ப, மேப்ல புள்ளி கோத்தகிரி பஜாருக்குத் தாவுதுன்னு எழுதியிருந்தீங்க. அது வைஃபை மாடலா இருந்தா காரணம் இதுதான்: அதுல செயற்கைக்கோளை வச்சு இடம் காட்டுற ஜிபிஎஸ் சிப்பே கிடையாது. அக்கம்பக்கத்து வைஃபையை வச்சுத்தான் இடத்தைக் கணிக்கும். தேயிலைக் காட்டுக்குள்ள வைஃபைக்கு எங்க போறது? ஐபேட்ல சிம் மாடல்லதான் ஜிபிஎஸ் இருக்கு; எஸ்9 எஃப்ஈல வைஃபை மாடல்லயே இருக்கு.

வாங்குறதுக்கு முன்னாடி, யார்கிட்டயாவது ஒரு எஸ்9 எஃப்ஈ கேட்டு வாங்கி, வைஃபையை அணைச்சுட்டு திறந்த வெளியில அம்பது அடி நடந்து பாருங்க. புள்ளி கூடவே வரணும். முதல் தடவை ரெண்டு நிமிஷம் பொறுங்க.

நம்ம ஊர் மழைக்கும் மூடுபனிக்கும் தண்ணியும் தூசியும் புகாத ஐபி68 பாதுகாப்பு பெரிய நிம்மதி, எஸ்9 எஃப்ஈக்கு அது உண்டு, சாதா ஐபேடுக்கு இல்ல. ஆனா திரையில ஈரம் படிஞ்சா ரெண்டுலயும் விரல் தொடுகை தடுமாறும். கட்டபெட்டுப் பக்கம் நான் பாக்கெட்ல ஒரு பருத்தித் துணி இல்லாம இறங்குறதே இல்ல. எஸ்9 எஃப்ஈக்குத் திரையில எழுதுற பேனா டப்பாவுலயே வரும்.

ஒண்ணு மட்டும் மனசுல வைங்க. சில்வர் ஓக் நிழல்லயும் பள்ளத்துலயும் ஜிபிஎஸ் புள்ளி அஞ்சு மீட்டருக்கு மேலயே பிசகும். உங்க 20 சென்ட் சதுரமா இருந்தா பக்கத்துக்கு சுமார் 28 மீட்டர். ஒரு பக்கம் அஞ்சு மீட்டர் தப்பினாலே மூன்றரை சென்ட் போச்சு. உரக் கணக்கு, கவாத்துக் கணக்குக்கு இது போதும். பக்கத்துத் தோட்டக்காரரோட எல்லைப் பிரச்சனைன்னா புலப்படத்தோட (அரசு நில அளவை வரைபடம்) சர்வேயரைத்தான் கூப்பிடணும்.