நீட்டி முழக்கு – குறுக்கெழுத்துக்குள் ஒளியும் விடை (கடிதம்)

வணக்கம் ஐயா,

நண்பர்கள் 15 பேர் வாராவாரம் ஆளுக்கொரு தமிழ்க் குறுக்கெழுத்து தயாரித்துப் பரிமாறிக்கொள்கிறோம். வால் ஸ்ட்ரீட் ஜர்னலின் வெள்ளிக்கிழமைப் புதிர்களைப் போட ஆரம்பித்த பிறகு, கட்டத்தை நிரப்பி முடித்தும் இன்னொரு விடையைத் தேடவைக்கும் அந்த ‘மெட்டா’ வகையைத் தமிழில் செய்து பார்க்க ஆசை வந்தது. ‘இறுதி விடை: தமிழ்நாட்டு நகரம்’ என்று அறிவித்து, மூன்று சொற்களுக்கு நட்சத்திரக் குறி போட்டேன்: மத்தளம், துடைப்பம், ரைஸ்மில். முதலெழுத்துகளைச் சேர்த்தால் மதுரை. பாதிக் கட்டம் நிரம்புவதற்குள் பலர் விடையைச் சொல்லிவிட்டார்கள். சொல்லாதவர்களுக்கு விளக்கியபோது ‘அப்படியா’ என்றதோடு சரி. எங்கே தவறினேன்? இந்த வகை தமிழுக்கு ஒத்துவராதா?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் புதிரைக் கெடுத்தது ரைஸ்மில்தான். மத்தளமும் துடைப்பமும் இருக்கிற கட்டத்தில் அது மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறது. தயாரித்தவருக்கு ‘ரை’ எப்படியாவது வேண்டியிருந்தது என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும். நகரம் என்று வேறு சொல்லியிருக்கிறீர்கள். அப்புறம் எதற்குக் கட்டத்தை நிரப்புவார்கள்?

ஆங்கிலத்தின் 26 எழுத்துகளில் எதை வைத்தும் ஒரு சொல்லைத் தொடங்கலாம். தமிழில் அது நடக்காது. பள்ளியில் படித்த மொழிமுதல் எழுத்து இலக்கணம் இங்கே வந்து குறுக்கே நிற்கும். புள்ளி வைத்த எழுத்தில் சொல் தொடங்காது. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன வரிசைகளிலும் கடன்சொற்களை விட்டால் தொடங்காது. ‘தமிழ்’ என்ற சொல்லையே முதலெழுத்துகளால் கட்ட முடியாது, ழ்-இல் தொடங்க எந்தச் சொல்லும் இல்லை. ஆனால் இரண்டாம் எழுத்தை எடுத்தால் சுலபம்: மதம், அமிலம், வாழ்வு. ஆக, முதலெழுத்து முறைதான் வேண்டுமென்றால் விடையின் எல்லா எழுத்தும் மொழிமுதலாக வரக்கூடியதா என்று முதலில் பாருங்கள். கோவை, வைகை, பொதிகை, சிவகாசி தேறும். மதுரையும் காவிரியும் தேறாது.

நண்பர்கள் ‘அப்படியா’ என்றதற்குக் காரணம் வேறு. நட்சத்திரம் போட்ட சொற்களின் முதலெழுத்தைப் படிப்பதில் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. மெட்டாவில் விடையைவிட அதை அடையும் வழிதான் முக்கியம். அந்த வழியைப் புதிருக்குள்ளேயே ஒளித்துவைக்க வேண்டும், கிடைத்தவுடன் ‘இதுதான், வேறு இருக்க முடியாது’ என்று தெரியவும் வேண்டும்.

தமிழுக்கு ஒத்துவருமா என்கிறீர்கள். ஆங்கிலத்தில் இல்லாத வசதிகள் இங்கே இருக்கின்றன. உயிரும் மெய்யும் பிரியும், சேரும்: ‘கோ’வின் மெய்யையும் ‘தீ’யின் உயிரையும் எடுத்தால் ‘கீ’. குறிலை நெடிலாக்கினால் வேறு சொல் பிறக்கும்: படம் பாடமாகும், சட்டை சாட்டையாகும். இந்தக் குறில்-நெடிலை வைத்தே ஒரு புதிரை முழுதாகக் கட்டிக் காட்டுகிறேன். தயாரிப்பு எப்போதும் பின்னாலிருந்து வரவேண்டும்: முதலில் விடை, பிறகு வழி, பிறகு சொற்கள், கட்டம், கடைசியில் குறிப்புகள். நீங்கள் கட்டத்தில் தொடங்கி விடையைச் செருகியிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது.

விடை: சிவகாசி. வழி இதுதான். கட்டத்தில் நான்கு சொற்கள், ஒவ்வொன்றின் முதல் குறிலையும் நீட்டினால் புதுச்சொல் வரும். அந்தப் புதுச்சொல், கட்டத்திலுள்ள வேறொரு குறிப்புக்கும் விடையாகப் பொருந்தும். ஆனால் அந்த இடத்தில் நிரப்பியிருப்பது இன்னொரு சொல். அந்த இன்னொரு சொல்லின் முதலெழுத்துதான் நமக்கு வேண்டியது.

முட்டை நீண்டால் மூட்டை. ‘அரிசி மண்டியில் அடுக்கி வைத்திருப்பது’ என்ற குறிப்புக்குக் கட்டத்தில் விடை சிப்பம். சி.
அரம் நீண்டால் ஆரம். ‘பெண்கள் அணியும் நகை’, கட்டத்தில் வளையல். வ.
வதம் நீண்டால் வாதம். ‘உடம்பைப் படுத்தும் நோய்’, கட்டத்தில் காய்ச்சல். கா.
பட்டி நீண்டால் பாட்டி. ‘வீட்டுப் பெண் உறவு’, கட்டத்தில் சித்தி. சி.

புதிரின் தலைப்பு: நீட்டி முழக்கு. ‘நீட்டி’ வழியைச் சொல்கிறது. ‘முழக்கு’ விடை கிடைத்த பிறகுதான் புரியும், பட்டாசு ஊர் அல்லவா. வதத்துக்கு ‘நரகாசுரனுக்கு நேர்ந்தது’ என்று குறிப்பு எழுதினால் தீபாவளி வாசனையும் சேர்ந்துகொள்ளும். தலைப்பு இப்படி இரண்டு வேலை செய்தால் விடை கண்டவருக்குச் சந்தேகமே வராது. உங்கள் மதுரையில் இல்லாமல் போனது இந்த உறுதிதான்.

‘கா’வுக்கு இதைவிட அழகான ஒரு ஜோடி உண்டு: காண்டம், காதை. ‘காப்பியத்தின் உட்பிரிவு’ என்று ஒரே குறிப்பு இரண்டுக்கும் கச்சிதமாகப் பொருந்தும். சிலப்பதிகாரத்தில் 3 காண்டங்கள், 30 காதைகள். கண்டத்தை நீட்டினால் காண்டம். ஆனாலும் இதை எடுக்கக் கூடாது. காதை குறுகினால் கதை. போடுகிறவர் ‘ஓ, நெடிலைக் குறுக்க வேண்டும் போல’ என்று எதிர்த்திசையில் கிளம்பிவிடுவார், நியாயமாகவே. காலை–மாலை ஜோடியிலும் இதே வில்லங்கம், கலை குறுக்கே வரும். காய்ச்சலைக் குறுக்கினால் ஒன்றும் கிடைக்காது, அதனால்தான் அது தேறியது.

இந்த வழியில் பெரிய அபாயம், தமிழில் இத்தகைய சொற்கள் ஏராளமாகக் கிடப்பது. மலை, வனம், பலம், மனம் எல்லாமே நீளும். கட்டத்தை நிரப்ப நீங்கள் போடும் சாதாரணச் சொற்கள் ஒவ்வொன்றையும் நீட்டிப் பாருங்கள். வெறுமனே புதுச்சொல் வந்தால் குற்றமில்லை. அது வேறு குறிப்புக்குப் பொருந்தினால்தான் குற்றம். ஒரு மூலையில் நகமும் இன்னொரு மூலையில் பாம்பும் இருந்தால், நாகம் ஐந்தாவது ஜோடியாகி விடை ‘சிவகாசிபா’ என்று நிற்கும். ஒன்றைத் தூக்கிவிடுங்கள்.

அடுத்து வரிசை. விடையெழுத்துகளை எந்த வரிசையில் படிப்பது என்பதில் ஐயம் இருக்கக் கூடாது. முட்டை, அரம், வதம், பட்டி நான்கும் இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழே இதே வரிசையில் வரட்டும். 11க்கு 11 கட்டம் தாராளம். நான்குமே மூன்றெழுத்து என்பதால் முட்டைக்கு எதிர்முனையில் பட்டி, அரத்துக்கு எதிரில் வதம் என்று கறுப்புக் கட்டங்களின் சமச்சீர் (தாளைத் தலைகீழாகத் திருப்பினாலும் அவை அதே இடங்களில் இருப்பது) கெடாமல் வைத்துவிடலாம். ஐந்தெழுத்துக் காய்ச்சல் நட்டநடு வரிசையில் உட்காரும். சிப்பமும் வளையலும் நான்கெழுத்து ஜோடி. சித்திக்கு மட்டும் எதிரே ஏதாவது மூன்றெழுத்துச் சொல் வேண்டும்.

சித்தியிடம் கொஞ்சம் எச்சரிக்கை. மற்ற மூன்றிலும் நீண்ட சொல்லுக்கும் கட்டத்துச் சொல்லுக்கும் எழுத்து எண்ணிக்கை வேறு, அதனால் தவறாக நிரப்ப வழியில்லை. பாட்டிக்கும் சித்திக்கும் மூன்றே மூன்று எழுத்து. பாட்டி என்று எழுதியவர் அப்படியே விட்டுவிட்டால் மெட்டா அங்கேயே செத்தது. நம் பத்திரிகைக் கட்டங்களில் பல எழுத்துகளுக்குக் குறுக்குச் சொல்லே இருக்காது. இங்கே சி, த், தி மூன்றுக்கும் இருந்தாக வேண்டும். ‘த்’ வழியாக இறங்கும் சொல்லில் அது நடுவில்தான் வர முடியும், பத்தியம் போல. புள்ளியெழுத்துக்கு மேலே கறுப்புக் கட்டம் வைத்துவிட்டுக் கீழ்நோக்கி ஒரு சொல்லைத் தொடங்கப் பார்ப்பது புதிதாகக் கட்டுபவர்கள் எல்லோரும் முட்டிக்கொள்ளும் சுவர்.

மென்பொருள் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்துக்காக எழுதிய குறுக்கெழுத்துக் கருவிகள் யூனிகோடு குறியீடுகளை எண்ணும், எழுத்துகளை அல்ல. காய்ச்சல் நமக்கு 5 எழுத்து, அதற்கு 9. கொம்பும் புள்ளியும் தனித்தனிக் கட்டத்தில் போய் விழும். எக்செலில் ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்தாகக் கையால் அடிப்பதே மேல்.

குறிப்பு எழுதும்போது ஜோடிச் சொற்களின் நான்கு குறிப்புகள் மட்டும் இரு சொல்லுக்கும் இடம் கொடுக்கும்படி தளர்வாக இருக்கும். மற்றவை இறுக்கமாக இருக்கட்டும், ‘இரும்பை ராவும் கருவி’ என்பதுபோல. எல்லாக் குறிப்பும் தளர்ந்தால் எது தடயம் என்று தெரியாது. ஆங்கிலப் புதிரில் நீங்கள் மாட்டிக்கொள்ளும்போதும் இதையே தேடுங்கள்: வேண்டுமென்றே மழுப்பிய குறிப்பு, இன்னும் துல்லியமாக எழுதியிருக்கலாமே என்று உறுத்தும் குறிப்பு. இறுதி விடைக்கு எத்தனை எழுத்து, சந்தேகச் சொற்கள் எத்தனை என்று ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் பாதை சரி. நான்கில் மூன்றுக்குப் பொருந்தி ஒன்றுக்கு வளைக்க வேண்டியிருந்தால் அந்த எண்ணத்தையே விட்டுவிடுங்கள், நல்ல தயாரிப்பாளர் வளைக்க விடமாட்டார். அமெரிக்கக் குறுக்கெழுத்துத் தயாரிப்பாளர் மாட் காஃப்னி 2008 முதல் வாரந்தோறும் மெட்டா வெளியிடுகிறார். மாதத்தின் முதல் வாரம் எளிது, போகப்போகக் கடினம். அவருடைய முதல் வாரப் புதிர்களை மட்டும் எடுத்து, விடை தெரிந்த பிறகு பின்னாலிருந்து பிரித்துப் பாருங்கள். கட்டுமானம் அதில்தான் பிடிபடும்.

15 பேருக்கும் அனுப்புவதற்கு முன் இரண்டு பேரிடம் கொடுத்துச் சோதியுங்கள். ‘விடை என்ன’ என்று கேட்காதீர்கள், ‘எப்படி வந்தது’ என்று கேளுங்கள். விடை சரியாக இருந்து, வழியைச் சொல்லத் தெரியாவிட்டால் ஊகித்திருக்கிறார் என்று பொருள். அப்போது ‘தமிழ்நாட்டு ஊர்’ என்பதை ‘நான்கெழுத்துப் பெயர்ச்சொல்’ என்று அகலப்படுத்துங்கள். இரண்டு பேருமே ஒரே தப்பான பாதையில் போய் அரைமணி நேரம் தொலைத்திருந்தால் அந்தப் பாதையைக் கட்டத்திலிருந்து வெட்டுங்கள், அவர்கள்மேல் தப்பில்லை.

முதல் முறை நான்கு சொற்களுக்கும் நட்சத்திரம் போட்டே அனுப்பலாம், இந்த வழிக்கு அது தாங்கும். துப்புக் கேட்பவர்களுக்கு முதலில் ‘தலைப்பைப் பாருங்கள்’ மட்டும். இரண்டாம் நாள் ‘முட்டையை நீட்டுங்கள்’. மூன்றாவது துப்பு கொடுக்க வேண்டி வந்தால், ‘அரிசி மண்டி’க் குறிப்பைத் திரும்பப் படிக்கச் சொல்லுங்கள்.